ஐந்து சொல் பூட்டு

செம்மேட்டில் அந்த ஜெராக்ஸ் கடை முன்னால் நின்று, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நான் இரண்டு தடவை கத்தியிருக்கிறேன். முதல் தடவை நியாயம் என் பக்கம் இருந்தது. இரண்டாவது தடவை பாதியிலேயே வாய் அடைத்துக்கொண்டது.

நான் நர்ஸ். கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை. நாலைந்து ஊர் சேர்ந்தால் இங்கே ஒரு நாடு. சொந்த ஊர் கீழே, ராசிபுரம் பக்கம். மலை ஏறி ஆறு வருஷமாகிறது. தடுப்பூசி, கர்ப்பிணிகள், காய்ச்சல், சர்க்கரை மாத்திரை என்று நடையோ நடை. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கொடுத்த மாத்திரையைத் தின்னாமல் வைத்திருப்பவர்கள் என் சத்தம் கேட்டதும் பின்பக்கமாக மிளகுத் தோட்டத்துக்குள் நழுவுவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சத்தம் போட்டாலும் ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் சொன்னதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினோம். பரம்பரையாக வரும் ஒருவகை ரத்தசோகை. சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும். சிலருக்கு நோயே இருக்கும். இன்னும் சிலர் நோயில்லாமல் அதன் மரபுக்கூறை மட்டும் உடம்பில் சுமந்துகொண்டிருப்பார்கள். அவர்களைக் கேரியர் என்போம். கேரியர் என்றால் ஆள் கல்லுமாதிரி இருப்பாள், காடு கழனி எல்லாம் பார்ப்பாள், ஒரு குறையும் இல்லை. கட்டிக்கொள்ளப் போகும் இரண்டு பேருமே கேரியராக இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரப் பார்க்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் "அந்தப் புள்ளைக்கு ரத்தத்துல என்னமோ இருக்குதாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அப்புறம் அவளைக் கேட்டு ஒருத்தரும் வாசப்படி மிதிக்க மாட்டார்கள்.

முகாமில் ரத்தம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ரிசல்ட் வந்ததும் லிஸ்டை என் சொந்த லேப்டாப்பில்தான் அடித்தேன், எங்கள் நிலையத்தில் கம்ப்யூட்டர் இல்லை. கேரியர் என்று வந்த பெயர்களில் ஒன்றைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மகளிர் குழுவில் சாமை அரிசி பாக்கெட் போடுகிற பெண் அவள். இருபத்திரண்டு வயசு. அப்போதுதான் ஆலத்தூர் நாட்டில் ஒரு பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆலோசனை சொல்ல கீழேயிருந்து ஒரு கவுன்சிலர் வருவார், அதுவரை யாரிடமும் மூச்சுவிட வேண்டாம் என்று எங்களுக்கு உத்தரவு. நானும் விடவில்லை.

இந்த நிலையில் ஒருநாள் லீவ் லெட்டர் பிரிண்ட் எடுக்க பென்டிரைவோடு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மலைக்காரர்தான், நாற்பது வயசிருக்கும், யாருக்கும் இல்லையென்று சொல்லாத மனுஷன். எனக்கு முன்னால் நின்ற ஒருவருக்குப் பட்டா நகல் தேடிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் திரை முழுக்க வரிசையாக ஃபோல்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: பால்காரர், வாத்தியார், லாரிக்காரர். நடுவில் ஒன்று: நர்ஸக்கா.

"அதென்னங்க, நர்ஸக்கா?"

"உங்களுதுதானுங்க" என்று சிரித்துக்கொண்டே திறந்து காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பேங்க் பாஸ்புக், மகளுடைய மார்க் ஷீட், வீட்டுக்காரரோடு சண்டை போட்ட அன்று அவருக்கு அடித்து அனுப்பாமல் விட்ட கடிதம். எல்லாவற்றுக்கும் கீழே அந்த ரத்த லிஸ்ட்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்று கத்தினேன். அவர் பயந்துபோய் எழுந்து நின்றார்.

"நீங்க சொருகும்போதெல்லாம் ஒரு காப்பி எடுத்து வெச்சுருவேனுங்க. நாளைக்கு உங்களுது கெட்டுப்போச்சுன்னா என்ன பண்றது? எல்லாத்துக்கும் அப்பிடித்தானுங்க வெச்சிருக்கறேன்."

பட்டாவுக்கு நின்றவர் அவருக்குப் பரிந்துகொண்டு வந்தார். "ஏனுங்க நர்ஸம்மா, எங்கூட்டுப் பத்திரத்தக் கரையான் தின்னுபோட்டுது. இவருகிட்ட இருந்ததாலதான் தப்பிச்சோம்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மலையில் பாதிப் பேருடைய ஜாதகம் அந்தத் திரையில் கிடக்கிறது, யாருக்கும் துளி பயமில்லை. பக்கத்தில் நின்று என் ஃபோல்டரை அழிக்க வைத்தேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ண வைத்தேன். லிஸ்டை அவர் திறந்தே பார்த்ததில்லை என்று மலைச்சாமி மேல் சத்தியம் செய்தார். நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

எங்கள் நிலையம் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேப் டெக்னீஷியன் இருந்தார். தூத்துக்குடிப் பக்கம், சர்ச்சுக்குத் தவறாமல் போகிற, என்னைவிடப் பத்து வயசு சின்ன ஆள். அவரிடம் போய்ப் புலம்பினேன்.

"ஃபைலை அழிச்சா மட்டும் போதாது சிஸ்டர். என்கிரிப்ட் பண்ணணும்" என்றார். எழுத்தையெல்லாம் குழப்பி, பாஸ்வேர்டு இல்லாமல் யார் திறந்தாலும் கிறுக்கலாகத் தெரியும்படி செய்வதாம். காசில்லாமல் கிடைக்கிற ஒரு மென்பொருளை என் லேப்டாப்பில் ஏற்றினார். அதற்குள் ஒரு பெட்டி மாதிரி உண்டாக்கி என் ஃபைல் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார்.

"இப்ப பாஸ்வேர்டு போடுங்க."

நான் அறப்பளீஸ்வரர் பெயரை அடித்துப் பின்னால் எழுபது என்று போட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன சிஸ்டர் இது! கோயில் பேரும் எழுபது கொண்டை ஊசி வளைவும்! இந்த மலையில கல்லெடுத்து எறிஞ்சா, படுறவன் பாஸ்வேர்டு இதாத்தான் இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தாலும் விஷயம் புரிந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொல் போடச் சொன்னார். குடை, பலாக்கொட்டை, ரயில், மூக்குத்தி, வெண்டைக்காய். அதை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து அடித்தேன்.

"மறந்துட்டா?"

"மறந்துட்டா போச்சு. இதைச் செஞ்சவனே வந்தாலும் திறக்க முடியாது."

"கலெக்டர் சொன்னாலுமா?"

"கலெக்டர் சொன்னாலும் திறக்காது சிஸ்டர்."

அடேயப்பா என்றிருந்தது. என் வாழ்க்கையில் கலெக்டருக்கும் அசையாத ஒன்று என் கையில் இருந்தது அதுதான் முதல் தடவை. மலையேறி வீடு வீடாகப் போகும்போது அந்த ஐந்து சொல்லையும் மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். அந்தப் பெண் எதிரில் வருவாள். "கல்யாணத்துக்கு வந்துருங்கக்கா" என்பாள். "வராமயா கண்ணு" என்பேன். உன் ரகசியத்தை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன் தெரியுமா என்று மனசுக்குள் ஒரு பெருமை. மழை பிடித்துக்கொண்டது. கவுன்சிலர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று மாசம் ஓடிவிட்டது.

அப்படியொரு மழைநாளில் கீழே மாவட்டச் சுகாதார ஆபீஸிலிருந்து போன். லிஸ்ட் இன்றைக்கே வேண்டுமாம். மலை முழுக்க நெட் போய் இரண்டு நாள். டெக்னீஷியன் லீவில் ஊருக்குப் போயிருந்தார். "எப்படியாவது அனுப்புங்கம்மா, எனக்குத் தெரியாது" என்று கிளார்க் வைத்துவிட்டார்.

எப்படியாவது என்றால் எங்கள் மலையில் ஒரே அர்த்தம்தான், பஸ்ஸில் கொடுத்துவிடுவது. மூக்குக்கண்ணாடி, ரேஷன் கார்டு, ஹால் டிக்கெட், காலைக் கட்டிய கோழி, பீரோ சாவி எல்லாம் பஸ்ஸில்தான் இறங்கும், ஏறும். கண்டக்டர் கையில் கொடுத்து ஒரு சீட்டும் வைத்துவிட்டால் போதும். பஸ்ஸில் கொடுத்த சாமான் தொலைந்ததாக இந்த ஆறு வருஷத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

பூட்டிய பெட்டியை அப்படியே, அந்த மென்பொருளோடு சேர்த்து, பென்டிரைவில் ஏற்றினேன். மாத்திரைக் கவரில் போட்டேன். அந்தக் கிளார்க்குக்கு இதைத் திறக்கத் தெரியாதே என்று நினைத்து, மாத்திரை சாப்பிடும் விதம் எழுதித் தருகிற மாதிரி ஒரு தாளில் அழகாக எழுதினேன். பென்டிரைவில் இருக்கும் மென்பொருளை முதலில் திறக்கவும். பெட்டியைத் தேர்ந்தெடுக்கவும். கேட்கும்போது இந்த ஐந்து சொல்லை இடைவெளி விடாமல் அடிக்கவும். ஆபீஸ் ஈமெயில் முகவரியையும் கீழே எழுதினேன், எந்த ஆபீஸுக்கு என்று தெரியட்டும் என்று. தாளை பென்டிரைவைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன்.

கலெக்டருக்கும் திறக்காத பூட்டு. அதைப் பூட்டி, சாவியை அதிலேயே கட்டி, வழியில் போகிற பஸ்ஸில் கொடுத்துவிட்டது சாட்சாத் நான்தான். அப்போது எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. மலையில் எந்தச் சாமானும் சீட்டில்லாமல் போவதில்லை, நானும் சீட்டு வைத்தேன்.

நான்கு நாள் கழித்து அதே பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "ஏனுங்க நர்ஸம்மா, அன்னைக்குச் சீட்டுல குடை, பலாக்கொட்டை, மூக்குத்தின்னு எழுதியிருந்தீங்களே, வாங்கியாரச் சொன்னீங்களா? பாக்கியெல்லாம் வாங்கியாந்துருவேனுங்க, ரயிலத்தான் பஸ்ஸுல ஏத்த முடியாது" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கவரை ஆபீஸ்ல குடுத்தீங்கல்ல?" என்றேன்.

"பஸ் ஸ்டாண்டுல வாங்கறதுக்கு ஒரு ஆளும் வரலீங்க. திரும்பக் கொண்டாந்து உங்க ஜெராக்ஸ் கடையில குடுத்துட்டேன். உங்க சாமான எப்பவும் அங்கதானுங்க குடுப்பேன்."

செம்மேட்டில் இறங்கி ஓடலாம் என்றால் அன்று தடுப்பூசி நாள், கர்ப்பிணிகள் காத்திருந்தார்கள். சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று சென்டருக்குப் போனேன். அங்கே ஒரு அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரென்று விசாரித்தேன். ஆலத்தூர் நாடு, அந்தப் பெண்ணுக்குப் பேசி முடித்த பையனுடைய அம்மா.

மடித்த தாள் ஒன்றை நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை. அச்சுக்குப் போகும் முன் எழுத்து சரிபார்க்க எடுத்த மாதிரி பிரிண்ட். மணமகன் பெயர், மணமகள் பெயர், முகூர்த்த நேரம், எல்லாம் சரியாக இருந்தது.

"பொறவாலையும் பாருங்க" என்றார்.

திருப்பினேன். என் லிஸ்ட். வலது ஓரம் வெட்டுப்பட்டு, ஆனால் பெயரும் ரிசல்ட்டும் தெளிவாக. ஏழாவது வரியில் அந்தப் பெண். அந்தத் தாளின் ஒரு பக்கத்தில் அவள் மணமகள், மறுபக்கத்தில் கேரியர்.

"எம் மகதான் படிச்சுச் சொன்னா. பாசிட்டிவ்வுன்னு போட்டிருக்குதே, அது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"அம்மா, இதை நான் உங்ககிட்டப் பேசக் கூடாது. தாளைக் குடுத்துட்டுப் போங்க."

"நல்லதா இருந்தா சொல்லிப்போடுவீங்கல்ல?"

ஊரையே அதட்டுகிற நான் வாயை மூடியதே பதிலாகிவிட்டது. அவர் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

கர்ப்பிணிகளை எப்படிப் பார்த்து அனுப்பினேனோ! நேரே கடைக்குப் போனேன். அன்று கத்தியதுதான் இரண்டாவது தடவை. "அடப்பாவி மனுஷா, ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டியே!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. மேஜை டிராயரைத் திறந்து என் கவரை எடுத்தார். பென்டிரைவ், அதைச் சுற்றி என் தாள், அதே ரப்பர் பேண்ட். ஒன்றும் தொலையவில்லை.

"நீங்க எழுதின மாதிரியேதானுங்க செஞ்சேன். ஆபீசுக்கு அவசரம்னு கண்டக்டர் சொன்னாரு. சீட்டப் பாத்துத் தொறந்தேன், நெட்டு வந்ததும் லிஸ்ட்ட அந்த ஈமெயிலுக்கு அனுப்பினேன். பத்திரத்துக்கு ஒரு பிரிண்டும் போட்டேன். மொதத் தாளு ஓரம் வெட்டிப்போச்சு. பின்பக்கம் காலியா இருக்குதேன்னு அத ரஃப் கட்டுல போட்டுட்டேன். பத்திரிகைக்கு மாதிரி எடுக்கறப்ப ரஃப் தாளுலதானுங்க எடுப்போம்…"

அவ்வளவுதான். அதற்கு மேல் கத்த என்ன இருக்கிறது? என் கையெழுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இடைவெளி விடாமல் அடிக்கவும் என்ற வரிக்கு அடியில் நானே கோடு வேறு போட்டிருந்தேன். அவர் கண்ணில் தண்ணீர். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பெண் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் பெஞ்சில்கூட உட்காரவில்லை.

"கல்யாணத்த நிறுத்திப்போட்டாங்கக்கா. எனக்கு என்னங்க சீக்கு?"

"சீக்கே இல்ல கண்ணு" என்று ஆரம்பித்து மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னேன். கேரியர் என்றால் என்ன, பையனுக்கு அது இல்லையென்றால் பிள்ளைக்கு நோய் வராது, பயப்பட ஒன்றுமில்லை. இந்த விளக்கத்துக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றாள்.

"மூணு மாசமாச்சு."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

சொல்ல ஆரம்பித்தேன். லேப் டெக்னீஷியன், ஆபீஸ் கிளார்க், ஜெராக்ஸ் கடைக்காரர், பையனுடைய அக்கா, அம்மா, அந்த வீட்டு ஆட்கள்…

"எல்லாத்துக்கும் தெரிஞ்சதுக்கப்புறம்தான் எனக்குத் தெரியுதுங்க" என்றாள். "எங் கையிலதானக்கா ஊசி குத்துனீங்க?"

ஐயோ என்றிருந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி நெஞ்சில் யாரும் குத்தியதில்லை. மூன்று மாசம் அவளை வழியில் பார்க்கும்போதெல்லாம் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சிரித்திருக்கிறேன். யார் கண்ணிலும் படாமல் பூட்ட வேண்டும் என்று யோசித்தவள், யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. கவுன்சிலர் வரவில்லை, உத்தரவு இருந்தது என்றெல்லாம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எனக்கே என் பேச்சு பிடிக்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. பெரிய டாக்டரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன், விளக்கம் கேட்டு வந்த மெமோவை வாங்கிக்கொண்டேன். லிஸ்டில் இருந்த மற்றப் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தனியே பார்த்து அவரவர் ரிசல்ட்டை நானே சொன்னேன். டாக்டரை அழைத்துக்கொண்டு ஆலத்தூர் நாட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் முதலில் வாசலிலேயே நிறுத்தினார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒரு வாரத்தில் பையன் தானாகவே வந்து ரத்தம் கொடுக்கக் கையை நீட்டினான். இந்த முறை ரிசல்ட்டை அவன் கையில் கொடுத்தோம். அவனுக்கு ஒன்றும் இல்லை. அவனே போய் வீட்டில் காட்டினான். அம்மாள் இறங்கிவந்தார். நிறுத்திய கல்யாணத்தை அதே பத்திரிகையோடு நடத்திவிடலாம் என்று சொல்லியனுப்பினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தவறு செய்தேன், அதைச் சரியும் செய்துவிட்டேன் என்று நெஞ்சு லேசாகிவிட்டது. சாமை பாக்கெட் போடுகிற இடத்துக்கு மூச்சிரைக்க ஓடினேன். அவள் பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையில் இருந்ததை ஒட்டி முடித்தாள்.

"தெரியுமுங்க. சொல்லியனுப்பினாங்க. நான் வேண்டாம்னுட்டேன்."

"என்ன சாமி சொல்ற? பையனுக்கு ஒண்ணுமில்லையே! அவன் நல்ல பையனாச்சே!"

"நல்ல பையந்தானுங்க. ஆனா அந்த ஊட்டுல எல்லாரும் என்னப் படிச்சுப்போட்டு, வேண்டாம்னாங்க. இப்பச் செரின்னு சொல்றாங்க. ரெண்டு தடவையும் என்ன ஒருத்தருங் கேக்கல."

நான் விடவில்லை. கெஞ்சினேன். வயசைச் சொன்னேன், ஊர்ப் பேச்சைச் சொன்னேன், அவள் அம்மா அழுவதைச் சொன்னேன். "நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு கண்ணு, எனக்குச் சோறு தண்ணி இறங்கி எத்தனை நாளாச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என் கையை மெதுவாக விலக்கினாள். கோபமே இல்லை அவள் முகத்தில்.

"உங்க மனசு ஆறறதுக்காக நான் வாக்கப்பட முடியாதுங்கக்கா" என்றாள். அடுத்த பாக்கெட்டை எடுத்தாள்.